அன்னையர் காவலர் ஸெம்மெல்வைஸ்

போர்க்களத்தே வாளேந்திப் பகைவரை வென்ற வீரரின் பெயரை உலகம் எளிதில் மறப்பதில்லை. அவர்க்குச் சிலை நாட்டுகின்றது. அவர் வென்ற நாளை விழா நாளாகக் கொண்டாடுகின்றது. ஆயின், ஒரு வட்டில் நீரும் ஒரு பிடி வெண்பொடியும் கொண்டு எண்ணற்ற தாய்மாரைக் கூற்றுவன் வாயினின்று மீட்ட ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் வாழ்ந்தார். அவர் பொருதது வேற்று நாட்டாரோடு அன்று. தம் தலைவரோடும், தம் தொழிலினரோடும், எல்லாவற்றிற்கும் முதலாகத் தம்முடைய இரு கைகளோடும் ஆகும். அவரே இக்னாஸ் பிலிப் ஸெம்மெல்வைஸ் என்னும் மருத்துவர். அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவம் பயிலாத தமிழ் மாணவனாகிய யான் இதனை எழுதத் துணிந்தமைக்குக் காரணம், இவ்வரலாறு மருத்துவர்க்கு மட்டுமன்றி உண்மையை நாடுவார் யாவர்க்கும் உரியது என்று எண்ணியதேயாகும்.

இளமையும் கல்வியும்

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ட் இன்று ஒரே நகரமாக விளங்குகின்றது. ஸெம்மெல்வைஸ் பிறந்த காலத்தில் அது டான்யூப் ஆற்றின் இரு கரையினும் பூடா, பெஸ்ட் என இரு நகரங்களாக நின்றது. 1818-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் அவர் பூடா நகரிற் பிறந்தார். தந்தையார் மளிகை வாணிகத்தாற் பொருளீட்டிய செல்வர். சட்டம் பயிலும் பொருட்டு 1837-இல் ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிற்குச் சென்ற அவர், அடுத்த ஆண்டே அதனைக் கைவிட்டு மருத்துவக் கல்வியிற் புகுந்தார்.

அக்காலத்தில் வியன்னா மருத்துவக் கல்விக்குப் பேர்பெற்ற இடமாக இருந்தது. இறந்தோர் உடலை அறுத்து நோயின் வேரை ஆராயும் கலையில் ரோக்கிட்டான்ஸ்கியும், நோயாளியின் மார்பைத் தட்டியும் செவிகொடுத்துக் கேட்டும் நோயறியும் கலையில் ஸ்கோடாவும், தோல்நோய் மருத்துவத்தில் ஹெப்ராவும் ஆங்கே புகழுடன் விளங்கினர். இவர்களோடு பழகும் பேறு ஸெம்மெல்வைஸுக்கு வாய்த்தது. 1844-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகக் கொண்டார். 1846-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள், தமக்கு 28 வயது நிரம்பிய அன்றே, வியன்னாப் பெரிய மருத்துவமனையின் மகப்பேற்று முதற்பிரிவிலே பேராசிரியர் க்ளைன் என்பார்க்கு உதவியாளராக அமர்ந்தார்.

ஒரே கூரை, இருவேறு விதி

அம்மருத்துவமனையில் ஏழைப் பெண்டிர் கட்டணமின்றிப் பிள்ளை பெறுவதற்கென இரு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவு மருத்துவ மாணவர்க்குப் பயிற்சி தரும் இடம். இரண்டாம் பிரிவு மருத்துவச்சியர்க்குப் பயிற்சி தரும் இடம். ஒருநாள் வருவோரை முதற்பிரிவிலும் மறுநாள் வருவோரை இரண்டாம் பிரிவிலுமாக மாறி மாறிச் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஆகவே எப்பெண் எப்பிரிவை அடைவாள் என்பது அவள் நோவுகண்ட நாளைப் பொறுத்ததேயன்றி வேறன்று.

பிள்ளை பெற்ற தாய்மாரைப் பிரசவ ஜுரம் என்னும் கொடு நோய் அந்நாளில் வாட்டிற்று. மகவு பிறந்த இரண்டொரு நாளில் குளிரும் காய்ச்சலும் தோன்றும். அடிவயிறு வீங்கிப் பொறுக்கவொண்ணா நோவு உண்டாகும். சின்னாளில் உயிர் பிரியும். பலகால் பச்சிளங் குழவியும் தாயைத் தொடர்ந்து மாளும். இந்நோய் இரு பிரிவினும் இருந்ததாயினும் ஒரே அளவினதாக இருக்கவில்லை. 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் மகப்பேறு 4,010. இறந்த தாய்மார் 459. அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் மகப்பேறு 3,754, இறந்தோர் 105. அஃதாவது முதற்பிரிவிலே நூற்றுக்குப் பதினொருவருக்கு மேலும், இரண்டாம் பிரிவிலே நூற்றுக்கு மூவருக்குச் சற்றுக் குறைவாகவும் இறந்தனர்.

இவ்வேற்றுமை மருத்துவர்க்கு வெறும் கணக்காக இருந்தது. நகரத்து ஏழைப் பெண்டிர்க்கோ உயிரச்சமாக இருந்தது. முதற்பிரிவிற் சேர்க்கப்பெறும் நாளில் நோவுகண்ட பெண்டிர், தம்மை மற்றப் பிரிவிற் சேர்க்குமாறு முழந்தாட்படியிட்டுக் கைகூப்பி மன்றாடினர். மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே மகவு ஈன்றவர்க்கு அந்நோய் மிக அரிதாகவே வந்தது. அஃது ஸெம்மெல்வைஸின் நெஞ்சைத் துளைத்தது. உதவியின்றித் தெருவிற் பெற்றவள் பிழைக்க, கற்ற மருத்துவர் சூழப் பெற்றவள் மாய்வது யாங்ஙனம்?

ஐயங்களை ஒவ்வொன்றாகக் களைதல்

அக்கால அறிஞர் இதற்குப் பல காரணம் கூறினர். வளியில் உலவும் நச்சுத்தன்மை என்றனர் சிலர். மக்கள் நெருக்கம் என்றனர் சிலர். ஆடவர் பரிசோதிப்பதால் உண்டாகும் நாணமும் அச்சமும் என்றனர் பிறர். ஸெம்மெல்வைஸ் இவற்றை நம்பவுமில்லை, இகழவுமில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துச் சோதித்தார்.

வளியே காரணமாயின், ஒரே கூரையின்கீழ் உள்ள இரு பிரிவிற்கும் அது பொதுவன்றோ? நெருக்கமே காரணமாயின், பெண்டிர் முதற்பிரிவை அஞ்சி ஓடியமையால் இரண்டாம் பிரிவிலேதான் நெருக்கம் மிகுதியாயிருந்தது. இறுதிச் சடங்கு செய்யவரும் குருவானவர் மணியொலிக்க முதற்பிரிவின் கூடங்களைக் கடந்து செல்வது தாய்மாரை அச்சுறுத்துகின்றதோ என்று ஐயுற்று, அவரை வேறு வழியே மணியொலியின்றிச் செல்லுமாறு வேண்டிக்கொண்டார், சாவு குறையவில்லை. இரண்டாம் பிரிவினர் ஒருக்களித்துப் படுத்து மகவு ஈனக் கண்டு, முதற்பிரிவினும் அவ்வாறே செய்வித்தார், சாவு குறையவில்லை. களையக்கூடிய காரணங்களையெல்லாம் களைந்தபின்னும் சாவு மட்டும் நின்றது.

நண்பர் மறைவும் உண்மை விளக்கமும்

இடையிற் சில மாதம் பதவியை வேறொருவர்க்கு விட்டிருந்த ஸெம்மெல்வைஸ், 1847 மார்ச்சு மாதத்தில் அதனை மீண்டும் ஏற்குமுன் மனத்தளர்ச்சி நீங்க வெனிஸ் நகரம் சென்று வந்தார். திரும்பியதும் அவர் கேட்டது பேரிடி போன்ற செய்தி. அவர் பெரிதும் மதித்த நண்பரும், சட்ட மருத்துவப் பேராசிரியருமாகிய கொலெட்ஷ்கா இறந்துவிட்டார். உடலறுவையின்போது மாணவன் ஒருவனது கத்தி அவர் விரலிற் பட்டது. அச்சிறு காயமே அவரைக் கொன்றது.

துயரத்தினிடையே ஸெம்மெல்வைஸ் அவர்தம் உடலாய்வுக் குறிப்பை வாங்கிப் படித்தார். படித்தவர் திடுக்கிட்டார். பிரசவ ஜுரத்தால் மாண்ட தாய்மாரின் உடலிற் கண்ட அதே அழற்சிகள், அதே சீழ்க்கட்டிகள் ஓர் ஆடவரது உடலிலும் இருந்தன! ஆகவே இது பிள்ளைப்பேற்றுக்கே உரிய நோயன்று; பிணத்தினின்று ஏதோ ஒரு பொருள் புண்ணின் வழியே குருதியிற் கலப்பதால் வருவது. கொலெட்ஷ்காவிற்கு அதனைக் கொணர்ந்தது கத்தி. தாய்மார்க்குக் கொணர்ந்தது எது?

விடை அவர் கண்முன்னே நின்றது. முதற்பிரிவின் மருத்துவரும் மாணவரும் நாடோறும் பிணவறையிலே உடலறுத்துவிட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவியதே போதுமென்று நேரே மகப்பேற்றுக் கூடத்திற்கு வந்து பெண்டிரைப் பரிசோதித்தனர். பிணவாடை அவர் விரலைவிட்டு நீங்கியதேயில்லை. மருத்துவச்சியரோ பிணவறை புகுவதில்லை. இரு பிரிவிற்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே.

ஈண்டு நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஸெம்மெல்வைஸ் காலைதோறும் தவறாது பிணவறை சென்று, இறந்த தாய்மாரின் உடலை அறுத்து நோயின் காரணத்தைத் தேடியவர். ஏனையோரினும் அவரே மிகுதியாகத் தேடினார். ஆதலின் ஏனையோரினும் அவர் கைகளே மிகுதியாக நஞ்சு சுமந்தன. தாம் காக்க விரும்பிய தாய்மாரைத் தாமே கொன்றுவந்தமை அவர்க்கு அப்போது விளங்கிற்று. தம்மால் மாண்டவர் தொகையைக் கடவுள் ஒருவரே அறிவார் என்று அவர் பிற்காலத்தில் தம் நூலிலே மறைவின்றி எழுதிவைத்தார். பிறர் பிழையைக் கண்டுபிடித்தவர் உலகில் மிகப் பலர். தம் பிழையைத் தாமே கண்டுபிடித்து, அதனை உலகறியக் கூறியவர் மிகச் சிலர்.

கை கழுவும் விதி

1847 மே மாதத்தின் நடுவில் அவர் ஒரு விதி செய்தார். மகப்பேற்றுக் கூடத்திற்குள் நுழைவோர் யாவராயினும் குளோரின் கலந்த நீரிலே கைகளை நன்கு தேய்த்துக் கழுவியபின்னரே நுழைதல் வேண்டும். பின்னர், விலை குறைவு கருதிக் குளோரினேற்றிய சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். நம்மூர்க் கிணறுகளில் இடும் பிளீச்சிங் பவுடர் அவ்வினத்ததே. பிணவாடையை அது போக்குவதால், ஆடைக்குக் காரணமான நஞ்சினையும் போக்கும் என்று கருதியே அதனைத் தேர்ந்தார்.

பயன் உடனே விளைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெண்மர் இறந்தனர். ஜூனில் நூற்றுக்கு இருவர். ஜூலையில் நூற்றுக்கு ஒருவர். 1848-ஆம் ஆண்டு முழுவதிலும் முதற்பிரிவில் மகப்பேறு 3,556. இறந்தோர் 45 பேரே. அவ்வாண்டில் மார்ச்சு, ஆகஸ்டு என்னும் இரு மாதங்களில் ஒருவரேனும் இறந்திலர்.

ஆயினும் 1847 அக்டோபரில் ஒரு தீங்கு நேர்ந்தது. கருப்பையிற் புற்றுநோய் கொண்டு சீழ் ஒழுகிய ஒரு பெண் முதற் கட்டிலிற் கிடத்தப்பட்டாள். அவளைப் பரிசோதித்த மருத்துவர் குளோரின் நீரிற் கழுவாது, சோப்பினால் மட்டும் கழுவிக்கொண்டு வரிசையாக ஏனையோரைப் பரிசோதித்தனர். அன்று உடனிருந்த பன்னிருவருள் பதினொருவர் மாண்டனர். நஞ்சு பிணத்தினின்று மட்டுமன்றி உயிருள்ளார் உடலினின்றும் வரும் என்பதை ஸெம்மெல்வைஸ் இதனால் அறிந்தார். அன்றுமுதல் ஒருவரைத் தொட்டபின் மற்றொருவரைத் தொடுமுன்னும் கழுவுதல் வேண்டும் என விதியை விரித்தார்.

எதிர்ப்பு

இத்துணைச் சான்று இருந்தும் உலகம் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. ஹெப்ரா 1847 டிசம்பரிலேயே இச்செய்தியை மருத்துவ இதழில் வெளியிட்டார். ஸ்கோடாவும் ரோக்கிட்டான்ஸ்கியும் துணைநின்றனர். ஆயின் க்ளைன் முதலிய மூத்தோர் முகம் சுளித்தனர். காரணத்தை அறிதல் அரிதன்று. ஸெம்மெல்வைஸ் கூற்று மெய்யாயின், உயிர்காப்போர் என்று போற்றப்பட்ட பெருமக்கள் அனைவரும் தம் வாழ்நாளெல்லாம் தாய்மாரைக் கொன்றவராவர். அவ்வுண்மையைத் தாங்கும் நெஞ்சுரம் பலர்க்கு இல்லை.

அவர்மீதும் ஒரு குறை உண்டு. தாம் கண்டதை உடனே நூலாக எழுதி விளக்காது பல்லாண்டு வாளா இருந்தார். பிணங்களின் அழுகற்பொருளே நோய்க்குக் காரணம் என அவர் கூறுவதாகவே பலர் பிழைபட உணர்ந்தனர். அதனைத் திருத்த அவர் காலத்தே முயலவில்லை. 1849 மார்ச்சில் அவர் பதவிக்காலம் முடிந்தபோது க்ளைன் அதனை நீட்டிக்க மறுத்தார். 1850-இல் விரிவுரையாளர் பதவி கிடைத்தும், அது பல கட்டுப்பாடுகளோடு வந்தமையால் மனம் நொந்து, நண்பரிடமும் விடைபெறாது பெஸ்ட் நகருக்குத் திரும்பினார்.

தாயகமும் இறுதிக் காலமும்

பெஸ்ட் நகரத்துப் புனித ரோக்கஸ் மருத்துவமனையிலே 1851 முதல் ஊதியமின்றி மகப்பேற்றுப் பிரிவை நடத்தினார். அங்கு அவர் பணிபுரிந்த ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில் 933 மகப்பேற்றில் பிரசவ ஜுரத்தால் இறந்தோர் எண்மரே. 1855-இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார், 1857-இல் மணம்புரிந்தார். 1861-ஆம் ஆண்டிட்டுத் தம் பெருநூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். பிரசவ ஜுரத்தின் காரணம், இயல்பு, தடுப்பு முறை ஆகியவற்றைக் கணக்குப் பட்டியல்களோடு விரித்துரைப்பது அந்நூல். அதனையும் பலர் புறக்கணித்தனர்.

அதன்பின் அவர் பொறுமை இழந்தார். புகழ்பெற்ற மகப்பேற்றுப் பேராசிரியர்க்குத் திறந்த மடல்கள் எழுதி, அவரைக் கொலைஞர் என்றே சாடினார். தம் குற்றத்தை ஏற்றவர் பிறர் குற்றத்தைக் கூறுதற்கு உரிமையுடையார் எனலாம். எனினும் அச்சொற்கள் பகையை வளர்த்தனவேயன்றி உண்மையை வளர்க்கவில்லை. 1865-இல் அவர் உள்ளம் நிலைகுலைந்தது. ஜூலை இறுதியில் அவரை வியன்னாவிற்கு அழைத்துச் சென்று மனநோய் விடுதியில் விட்டனர். அங்குக் காவலரால் அடியுண்டார் என்று உடலாய்வுக் குறிப்பைக் கொண்டு ஆராய்ந்தோர் கருதுவர். இரு வாரத்திற்குள், ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் 47-ஆம் வயதில் உயிர்நீத்தார். கையிலே உண்டான புண் அழுகிக் குருதி நஞ்சானதே அவர் முடிவிற்குக் காரணமாயிற்று. எந்நோயைத் தடுக்க வாழ்நாளை ஈந்தாரோ, அந்நோயின் இனத்தாலேயே அவர் மாண்டார்.

அதற்கு முந்திய நாள், ஆகஸ்டு 12-இல், ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரிலே ஜோஸப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர் ஒரு சிறுவனது முறிந்த காலின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலத்திற் தோய்த்த துணியை முதன்முதல் இட்டார். ஒரு விளக்கு அணையுந் தறுவாயில் மற்றொன்று ஏற்றப்பட்டது.

மறைந்தபின் பெற்ற வெற்றி

ஸெம்மெல்வைஸ் நஞ்சு என்றாரேயன்றி அது யாது என அறிந்திலர். 1879-இல் பாரிஸ் மாநகரத்து மருத்துவக் கழகக் கூட்டத்திலே லூயி பாஸ்டர் எழுந்து சென்று, சங்கிலிபோற் தொடர்ந்து நிற்கும் நுண்ணுயிரைக் கரும்பலகையில் வரைந்து, பிரசவ ஜுரத்தின் காரணத்தைக் காட்டினார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது அதன் பெயர். 1933-இல் ரெபெக்கா லான்ஸ்பீல்டு என்னும் அமெரிக்க அம்மையார் அவ்வினத்தை ஏ, பி முதலிய வகுப்புக்களாகப் பிரித்தார். ஏ வகுப்பே வியன்னாவின் தாய்மாரை வாட்டிய கொடிய பகைவன் என்பர். 1936-இல் லண்டனிலே கோல்புரூக் என்பார் ப்ரான்டோஸில் என்னும் மருந்தால் இந்நோய் தணிவதைக் காட்டினார். பின்னர்ப் பெனிஸிலின் வந்தது. கூற்றுவன் பெரிதும் பின்வாங்கினான்.

எனினும் அவன் முற்றும் ஒழிந்தானல்லன். பி வகுப்பைச் சார்ந்த நுண்ணுயிர் ஏறக்குறைய ஐந்து கருவுற்ற தாய்மாரில் ஒருவர் உடலிலே யாதொரு துன்பமும் செய்யாது தங்கியிருக்கின்றது. பிறக்கும்போது அது குழவியைப் பற்றின், சில குழவிகட்குக் குருதி நஞ்சும் மூளைச்சவ்வு அழற்சியும் உண்டாகும். இதனைத் தடுக்க அமெரிக்கா முதலிய நாடுகளில், கருவுற்ற 36, 37-ஆம் வாரங்களில் தாய்மார் அனைவரையும் பஞ்சுக்குச்சியாற் சோதித்து, கிருமி உள்ளார்க்கு மகப்பேற்று வேளையிலே பெனிஸிலின் ஏற்றுகின்றனர். ஆங்கே பிறந்த முதல் வாரத்தில் இந்நோய் கொள்ளும் குழவிகள் 1990-இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 1.8 ஆக இருந்து, 2015-இல் 0.23 ஆகக் குறைந்தனர். கருவுற்ற தொடக்கத்தில் சிறுநீரைச் சோதித்து, அறிகுறியின்றி மறைந்திருக்கும் கிருமியை அறிவதும் இவ்வகையினதே. நோயில்லாத் தோற்றத்தை நம்பாது முன்கூட்டியே தேடுக என்பதன்றோ பன்னிருவருள் பதினொருவரை இழந்து ஸெம்மெல்வைஸ் கற்ற பாடம்!

இக்காலத்தில் மற்றோர் இடர் தோன்றியுள்ளது. ஆன்டிபயாடிக் என வழங்கும் மருந்துகளை அளவின்றியும் முறையின்றியும் வழங்குதலால், கிருமிகள் அவற்றை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெறுகின்றன. பி வகுப்புக் கிருமி இன்றும் பெரும்பாலும் பெனிஸிலினுக்கு அடங்குகின்றது. ஆயின் பெனிஸிலின் ஒவ்வாத தாய்மார்க்கு மாற்றாக முன்பு கொடுத்துவந்த எரித்ரோமைஸின், இன்றும் கொடுக்கும் கிளிண்டமைஸின் ஆகியவற்றைப் பல கிருமிகள் பொருட்படுத்துவதில்லை. ஆதலின் கிருமி உண்டா என்று காண்பதோடு அமையாது, எம்மருந்துக்கு அஃது அடங்கும் என்பதையும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துச் சோதித்தல் வேண்டியதாயிற்று. பெனிஸிலினைக் கண்ட பிளெமிங்கே 1945-இல் நோபெல் பரிசு பெற்ற உரையில் இவ்விடரை முன்னுணர்ந்து எச்சரித்தார்.

எண்ணிப் பார்ப்பின், இதுவும் பழைய கதையே. அன்று கழுவாத கை கொன்றது. இன்று ஆராயாது மருந்தெழுதும் கையும், மருத்துவரைக் கேளாது மருந்தை வாங்கி விழுங்கும் கையும் கொல்லத் தொடங்கியுள்ளன. அன்றும் இன்றும் பகைவன் வளியில் இல்லை, விதியில் இல்லை, நன்மை செய்வதாக நாம் நம்பும் நம் கையிலேயே உள்ளான்.

ஸெம்மெல்வைஸின் உடல் 1891-இல் வியன்னாவினின்று புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அவர் பிறந்த வீடு இன்று மருத்துவ வரலாற்றுக் காட்சிசாலை. அவர் பயிற்றிய பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பகுதி 1969 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. வாழ்ந்த நாளில் ஒரு விரிவுரை மேடையை மறுத்த உலகம், மாண்டபின் ஒரு பல்கலைக்கழகத்தையே ஈந்தது. எனினும் அவர் வேண்டியது அதுவன்று. மருத்துவர் ஒவ்வொருவரும் தாயின் கட்டிலை அணுகுமுன் தம் கையை ஒருமுறை நோக்குதல் வேண்டும் என்பதே. மாணவ நண்பர்காள்! நாம் எத்தொழிலை மேற்கொள்வோமாயினும், பிறர் துன்பத்திற்குக் காரணம் தேடப் புகும்போது முதலில் நம் கையை நோக்கும் துணிவை இப்பெரியார் வரலாற்றினின்று கற்போமாக.